கடல்வரை ஓட்டியவள்

தையற்காரி கண்ணை மூடி ஒரு மழைக்காலம் கடந்துவிட்டது. இன்னும் அவள் வீட்டில் யாராவது வண்டியில் ஏறினால், பேச்சு அவள் கடலுக்குப் போன கதைக்குத்தான் வந்து நிற்கிறது.

அவளுக்குப் பயணம் என்றாலே வாந்தி. அவள் ஊருக்கும் கடலுக்கும் நடுவே பெரிய மழைக்காடு. பாதை முழுக்க வளைவு. கல்யாணமான புதிதில் ஒருமுறை, மகள் பிறந்த பிறகு ஒருமுறை கிளம்பிப் பார்த்தாள். இரண்டு முறையும் பாதிக் காட்டில் குடல் வாய்க்கு வந்து, போன வழியே திரும்பினாள். அதற்குப் பிறகு மற்றவர்கள் கடலுக்குப் போனால் வாசலில் நின்று கையசைப்பதோடு சரி.

"அண்ணி, உங்களுக்கு ஒரு பாட்டில்ல கடல் பிடிச்சிட்டு வரேன்" என்பான் கொழுந்தன், வேனைக் கிளப்பிக்கொண்டே. அவளும் சிரிப்பாள். உள்ளே போய் மெஷினை மிதிக்கிற மிதியில் ஊசி உடையும்.

ஒருநாள் பஸ் டிரைவர் ஒருவர் பேன்ட்டுக்கு இடுப்பைப் பிரித்துவிடச் சொல்லி வந்தார். பேச்சுவாக்கில், "எனக்கும் சும்மா உக்காந்தா உமட்டும்மா. ஓட்டினா ஒண்ணும் ஆகாது. எந்தப் பக்கம் திரும்பப் போறோம்னு உடம்புக்கு முன்னாடியே தெரிஞ்சிடுதில்ல" என்றார். அவள் வாய் நிறையக் குண்டூசி. மறுவாரமே டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்துவிட்டாள்.

"நாப்பத்தாறு வயசுல எதுக்குடி இது?" என்றார் கணவர்.

"நாப்பத்தேழுல சேந்தா சீக்கிரம் வந்துடுமா?"

கிளட்ச்சைத் தையல் மெஷின் என்று நினைத்து விடாமல் மிதித்தாள்; வண்டி தவளையாய்த் துள்ளியது. முதல் டெஸ்டில் தோற்றாள். அடுத்ததில் லைசென்ஸ் வாங்கினாள்.

குடும்பத்தோடு கடலுக்குக் கிளம்பிய அன்று கொழுந்தன் அரை மனதோடு வேன் சாவியைக் கொடுத்தான். "அண்ணி ஓட்டுறதா இருந்தா நான் கடைசி சீட்டுதான். அங்கதான் உயிருக்கு உத்தரவாதம்."

காடு தொடங்கியது. ஈரப் பாறை, பாசி, தலைக்கு மேல் வானமே தெரியாத இலைக்கூட்டம். முதல் வளைவு. இரண்டாவது. முன்பு இரண்டு முறையும் வயிறு புரளத் தொடங்கிய மூன்றாவது வளைவில் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். வயிறு கிணற்றுத் தண்ணீர் மாதிரி அசையாமல் கிடந்தது.

நடுக்காட்டில் ஒரு குறுகலான கொண்டைவளைவில் மரலாரி ஒன்று நேருக்கு நேர் வந்து நின்றது. பின்னால் எடுத்தால்தான் வழி. ஒரு பக்கம் பள்ளம்.

"தம்பிகிட்ட குடுத்துடு" என்றார் கணவர்.

"பேசாம இருங்க." கண்ணாடியைப் பார்த்து, தையல் பிரிக்கிற நிதானத்தில், சாண் சாணாகப் பின்னே எடுத்தாள். லாரிக்காரன் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனான்.

அப்போதுதான் கடைசி சீட்டிலிருந்து ஈனமாக ஒரு குரல். "அண்ணி... கொஞ்சம் ஓரங்கட்டுங்க."

வாழ்நாளில் பின்சீட்டில் உட்காராதவன், மரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். மகள் சிரிப்பை அடக்க முடியாமல் துப்பட்டாவைக் கடித்தாள். தையற்காரி தண்ணீரை நீட்டினாள்.

"கண்ண மூடாதீங்க தம்பி. தூரத்தப் பாருங்க. இதுல எனக்கு ரொம்ப அனுபவம்."

இறக்கம் முடிந்தது. மரங்கள் விலகின. சாலைக்கு இடப்பக்கம் முழுவதும் கடல், வெயிலில் தகதகத்தது.

"அம்மா, கடல்! நிறுத்தும்மா, நிறுத்து!"

அவள் பார்த்தாள். பார்த்துக்கொண்டே கியரை மாற்றினாள்.

"இரு, அடுத்த கடற்கரை எப்படி இருக்குன்னு பாக்கலாம்."

அதையும் தாண்டினாள். அதற்கடுத்ததையும் தாண்டினாள். ஜன்னலை முழுக்க இறக்கிவிட்டு, உப்புக்காற்றில் தலைமுடி பறக்க, கரையோரமாகவே ஓட்டிக்கொண்டு போனாள்.