அம்மன் கொடுத்த சிவப்புப் பூ

விதி ஐந்து: கேமராவில் பதிவான படத்தில் எதையும் சேர்க்கவோ அழிக்கவோ கூடாது, மூலக் கோப்பையும் உடன் அனுப்ப வேண்டும்.

பத்திரிகைப் புகைப்படக்காரர்களுக்கான அந்தப் போட்டியின் விதிகளை, தாலுகா அலுவலகத்தில் ஆயுள் முழுக்க விதி படித்தவன் என்ற முறையில், நான்தான் என் மனைவி மலர்விழிக்கு வாசித்துக் காட்டினேன். அவளால் சின்ன எழுத்தைப் படிக்க முடிவதில்லை. கண் அழுத்த நோய். பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வருகிறது. இருப்பதைக் காப்பாற்றலாம், போனது வராது என்று சேலத்து டாக்டர் சொல்லிவிட்டார். செய்தித்தாள்களுக்காக எங்கள் மலை முழுக்க நடந்து படமெடுத்தவள் அவள். எந்தப் போட்டிக்கும் போனதில்லை. "கண்ணு இருக்கும்போதே ஒரு தடவை அனுப்பிப் பாக்கணுங்க" என்றாள். அவள் என்னிடம் எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவள்.

படமும் கிடைத்தது. ஐப்பசி மழையில் மலைமேல் திருப்புலி நாட்டுப் பக்கம் மண் சரிந்து ரோடு அடைபட்டது. கல்யாண நாள் தள்ளக்கூடாது என்று ஒரு பெண் வீட்டார் சரிந்த மண்ணின் மேலேயே நடந்து வந்தார்கள். மணப்பெண் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, முழங்கால்வரை சேறோடு, பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சிரிக்கிறாள். மலர் அதை எடுத்துவிட்டாள்.

அன்று இரவே இடி இறங்கி எங்கள் லேப்டாப் போயிற்று. மெமரி கார்டைச் சோளக்காட்டு ஸ்டூடியோ மணியிடம் கொடுத்து, படங்களை அப்படியே பென்டிரைவில் போட்டுத் தரச் சொன்னோம். மணி நல்லவன். நல்லவர்களிடம்தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். பென்டிரைவில் ஒரே ஒரு படம் இருந்தது. அதில் மணப்பெண்ணின் புடவை வெள்ளாவி வைத்ததுபோல் பளபளத்தது. சேற்றைக் காணோம்.

"கல்யாணப் பொண்ணு மேல சேறு இருக்கலாமுங்களா சார்? அபசகுனமுங்க. ராத்திரியெல்லாம் முழிச்சுத் துடைச்சேன். காசு வேண்டாமுங்க, அக்காவுக்காகப் பண்ணது."

"மத்த படமெல்லாம் எங்கய்யா?"

"கார்டைக் காலி பண்ணிக் குடுத்துட்டேனுங்க. எல்லாக் கல்யாண வீட்டுக்கும் அப்படித்தானுங்க குடுக்கிறது."

மலர் அவனைத் திட்டவில்லை. காலிக் கார்டைக் கேமராவில் செருகி, கேமராவைப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். "இனி எதுக்குங்க" என்றாள். அவ்வளவுதான். மேல்முறையீட்டுக்கு வழியிருக்கிறதா என்று விதிகளை மறுபடி மறுபடி படித்தேன். இல்லை. அவள் சமையலறையில் சுவரைத் தடவி நடப்பதை அந்த வாரம்தான் முதன்முதலாகக் கவனித்தேன்.

எங்கள் ஊர் அம்மனிடம் தினமும் ஒரே மனுதான் கொடுத்தேன்: அவள் மறுபடி கேமராவைத் தொடட்டும். பதில் இல்லை. அந்த ஞாயிறு கோயில் திருவிழா. படமெடுத்து அனுப்பச் சொல்லிப் பத்திரிகையிலிருந்து மலருக்கு அழைப்பும் வந்தது. பிடிவாதமாக அவளைக் கூட்டிப்போய்விடலாம் என்று நினைத்தேன். அதற்குமுன், வெள்ளிக்கிழமை, பூக் கேட்கப் போனேன். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். இரண்டையும் இலையில் கட்டி அம்மன் காலடியில் வைப்பார்கள். பூசாரி ஒன்றை எடுப்பார். வெள்ளை என்றால் சரி, சிவப்பு என்றால் கூடாது.

"கேமராவை எடுப்பாளா, கண்ணும் நிக்குமா, போட்டிக்கும்…"

"ஏனுங்க, ஆபீசுல மனுக் குடுக்கிற மாதிரி அடுக்கிட்டே போறீங்க? ஒரு கேள்விதானுங்க கேக்கோணும்" என்றார் பூசாரி.

"ஞாயித்துக்கிழமை அவளைப் படமெடுக்கக் கூட்டியாரட்டுமா?"

சிவப்பு வந்தது.

எனக்குக் கோபம். அம்மனிடமே கோபம். பூசாரி திருநீறு கொடுத்து, "இப்ப வேண்டாம்னுதானுங்க சாமி சொல்லுது. வாய மூடிட்டு ஊட்டுக்குப் போங்க" என்றார். முப்பது வருடம் மற்றவர்களிடம் நான் சொன்னதை எனக்கு ஒருவர் சொன்னார். போனேன். மலரை ஒரு வார்த்தை வற்புறுத்தவில்லை. திருவிழா மேளம் கேட்டபோது அவள் ஜன்னலைச் சாத்தினாள்.

திங்கட்கிழமை காலை மணி ஓடிவந்தான். குற்ற உணர்ச்சியில் சேலம்வரை போய் விசாரித்திருக்கிறான்.

"சார், அழிச்ச படத்தைத் திருப்பி எடுக்கலாமாமுங்க! ஆனா அந்தக் கார்டுல புதுசா ஒண்ணும் எடுத்திருக்கக் கூடாதாம். எடுத்திருந்தா அதும்மேல ஏறி எல்லாம் போயிருமாம். அக்கா ஏதாச்சும் எடுத்தாங்களா?"

"கேமராவையே தொடலைய்யா" என்றேன். நான் நினைத்தபடி நடந்திருந்தால், ஞாயிற்றுக்கிழமை கூட்டம், தேர், வாணவேடிக்கை எல்லாம் அந்தக் கார்டில் ஏறியிருக்கும். நான் கண்ணீரோடு கேட்டதை அம்மன் மறுத்த அந்த ஒரு வாரம்தான் படத்தைக் காப்பாற்றி வைத்திருந்தது. என் மனு கிடப்பில் கிடக்கவில்லை. அம்மன் கையில் இருந்தது.

மூவரும் கிடைத்த முதல் பஸ்ஸில் சேலம் போனோம். கடைக்காரர் திரையில் படங்கள் ஒவ்வொன்றாக எழும்பின. மலர் முகத்தைத் திரைக்கு வெகு அருகில் வைத்துப் பார்த்தாள். "சேறு இருக்குதுங்க" என்று என் கையைப் பிடித்தாள். மணி அழுதான். "அழாத சாமி, நீயும் நல்லதுக்குத்தான பண்ணினே" என்று அவனைத் தேற்றியவளும் அவள்தான். திரும்பும் வழியில், கொண்டை ஊசி வளைவில், பஸ் ஜன்னல் வழியாக அவள் கேமராவை நீட்டினாள். போட்டியின் கடைசி நாளுக்கு முன்பே படத்தையும் மூலக் கோப்பையும் அனுப்பினோம்.

அன்பர்களே, பார்வை முழுதாகத் திரும்பிவிட்டது என்று நான் பொய் சொல்லமாட்டேன். சொட்டு மருந்தை வேளை தவறாமல் நான் விடுகிறேன். மிச்சமிருப்பது நிற்கிறது. இப்போது அவள் படமெடுக்கப் போனால் நான் பக்கத்தில் நடந்து மேடுபள்ளம் சொல்கிறேன். கோயிலில் ஒரு கேள்வி மட்டும் கேட்கிறேன். உங்கள் வேண்டுதலுக்கும் சிவப்புப் பூ வந்தால், தயவுசெய்து கோபித்துக்கொண்டு கதவைச் சாத்திவிடாதீர்கள். பொறுங்கள். மறுத்தவளே காத்து வைத்திருப்பாள்.

போட்டிக்காரர்களிடமிருந்து மாதக்கணக்கில் பதிலில்லை. பிறகு வந்தது. மூலக் கோப்பு சரிபார்க்கப்பட்டது, படம் இறுதிச் சுற்றுக்குத் தேர்வாகியிருக்கிறது என்று. நான் வாசிக்க வாயெடுத்தேன். "இருங்க, நானே படிக்கிறேன்" என்று எழுத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொரு சொல்லாக, அவளே படித்தாள். அன்று பங்குனி மாதம், இரண்டாவது செவ்வாய்க்கிழமை.