256 என்ற எண் கொண்ட வளைவு

ரெட்டிபாளையம் பக்கம் சிமெண்ட் ஆலைக்குப் போகும் சுண்ணாம்புக்கல் லாரிகளை எடை போடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. எடைச் சீட்டில் கம்ப்யூட்டர் ஒரு ரகசியச் சாவியால் கையெழுத்திடும். வருடத்துக்கு ஒருமுறை அந்தச் சாவியைப் புதிதாகச் செய்ய வேண்டும். இந்த முறை அதைச் செய்து தரும் பெரம்பலூர் இன்ஜினியருக்குக் காய்ச்சல்.

"நான் நோட்டுல எழுதி வச்சிருக்கிற கட்டளையப் போடுங்கண்ணே, வளைவுங்க பட்டியல் வரும். வளைவுன்னா சாவி வார்க்கிற அச்சு மாதிரி. prime256v1 எடுங்க" என்றார் போனில்.

கூச்சத்தில் திருப்பிக் கேட்கவில்லை. எங்களுக்கு லாரி என்றால் எண்தான். பட்டியலில் 256 என்று முதலில் கண்ட வரியை எடுத்தேன். சாவி உருவானது. அதன் ஜோடியான, கையெழுத்தைச் சரிபார்க்கும் பொதுச் சாவியை ஆலைக்கு அனுப்பினேன், அவர்கள் ஏற்கவில்லை. சீட்டில்லாமல் லாரிகள் நின்றன.

"என்னா மாமா, லாரிய வுட்டுட்டுக் கம்ப்யூட்டர எடை போடுறீங்களா?" என்றார் ஒரு டிரைவர்.

மேனேஜர் எட்டிப் பார்த்தார். "உம்மால ஆவாதுய்யா. டவுன்லேர்ந்து வேற ஆள வச்சிக்கிறேன்."

நான் நாற்காலியை விட்டு எழவில்லை. ஒரே எண்ணில் இரண்டு லாரி வந்தால் முன்னெழுத்தைப் பார்ப்போம். அப்படியே பட்டியலில் ஒவ்வொரு வரியாக விரல் வைத்து இறங்கினேன். 256 பல இடங்களில் இருந்தது. prime256v1 ஒன்றே ஒன்று. அதில் சாவி செய்து, எந்த வளைவு என்று அந்தச் சாவியிடமே கேட்கும் கட்டளையையும் நோட்டைப் பார்த்துப் போட்டேன். அதே பெயர் வந்த பிறகுதான் பொதுச் சாவியை அனுப்பினேன்.

ஆலை ஏற்றுக்கொண்டது, சீட்டு அச்சாகி வந்தது. மேனேஜர் டவுன் ஆளைப் பற்றிப் பிறகு பேசவில்லை. அடுத்த லாரிக்குக் கை காட்டினேன்.