மெஷ்ஷில் இல்லாத புள்ளிகள்

இதைக் கட்டுக்கதை என்பவர்கள் தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம். ஜாஹ்னவி யாரிடமும் சண்டைக்குப் போக மாட்டாள். ஸ்ரீரங்கத்தில் வீடு, திருச்சியில் ஒரு பொறியியல் கல்லூரியில் ஆராய்ச்சி, கணினி சொன்னால் தவிர எதையும் நம்பாத பெண். அவளுக்குத்தான் இது நடந்தது. பேய் என்றால் நடுநிசியும் நாய் ஊளையும் வேண்டும் என்று எதிர்பார்க்கிறவர்கள் மன்னிக்கவும். இது நடந்தது பட்டப்பகலில். அதுவும் வைகுண்ட ஏகாதசி அன்று.

மாவட்டத்துக்கே விடுமுறை. ஊர் மொத்தமும் ஸ்ரீரங்கத்துக்குப் போய்க்கொண்டிருக்க, இவள் ஒருத்தி மட்டும் அங்கிருந்து கிளம்பி எதிர்ப்பக்கம் போனாள். பஸ்ஸில் ஆளே இல்லை. "பெருமாளே இங்க இருக்காரு, நீங்க எங்கம்மா போறீங்க?" என்று கண்டக்டர் கேட்டார். ஆபீஸ் என்றாள். அவர் பரிதாபமாகப் பார்த்து டிக்கெட்டைக் கிழித்தார்.

கல்லூரிக்குள் அவள் போன இடத்தின் பெயர், 'பன்னாட்டு நதிப்படுகைக் காட்சியியல் உயராய்வு மையம்'. பெயர்ப் பலகையின் நீளத்துக்கு அறை போதவில்லை. கடைசி இரண்டு எழுத்து பக்கத்துக் கழிவறைச் சுவரில் நின்றது. உள்ளே இரண்டு கணினி, சுவரளவுக்கு ஒரு திரை. மறுநாள் திறப்பு விழா. ரிப்பன் வெட்டும் கத்தரிக்கோல் வெல்வெட் தட்டில் தயார். கல்வெட்டும் தயார். அதில் இயக்குநர் வெங்கட்ராகவனின் பெயர், காவிரியின் பெயரைவிடப் பெரிதாக இருந்தது.

தயாராகாதது காவிரிதான்.

படகில் போய், தண்ணீருக்குள் ஒலியலை அனுப்பி, ஆற்றின் அடியை லட்சக்கணக்கான புள்ளிகளாக அளந்திருந்தார்கள். புள்ளிகளை மும்மூன்றாகக் கோத்தால் முக்கோணம். முக்கோணங்கள் சேர்ந்தால் மீன்வலை விரித்த மாதிரி ஆற்றுப் படுகை. அதைத்தான் மெஷ் என்பார்கள். அந்தக் கோப்பைத் திறந்தால் போதும், சக்கரம் சுற்றும்... சுற்றும்... மென்பொருள் சொல்லாமல் கொள்ளாமல் மூடிக்கொள்ளும்.

"நாளைக்கு சீஃப் கெஸ்ட் முன்னாடி அது ஓடணும், ஜாஹ்னவி. ஓடலைன்னா உன் தீசிஸ்ல என் கையெழுத்தை மறந்துடு" என்று வெங்கட்ராகவன் முதல் நாளே சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு, சிறப்பு தரிசனப் பாஸோடு பெருமாள் சேவைக்குப் போய்விட்டார். அவள் இத்தனை வருஷம் கண்ணைக் கெடுத்துக்கொண்ட உழைப்பு அந்த ஒரு கையெழுத்தில் தொங்கியது.

உண்மையில் இது பாலுவின் வேலை. மருங்காபுரிப் பையன். "தண்ணியே பார்க்காத ஊர்ல பொறந்துட்டு ஆத்தை அளக்க வந்திருக்கேன், கொடுமையைப் பாருங்க" என்பான். இவளை 'மாமி' என்று சீண்டுவான். தீபாவளிக்கு முன்பு படகில் போய் முழுப் படுகையையும் அளந்து கொண்டுவந்து கொடுத்தவன் அவன்தான். தீபாவளி முடிந்து ஒரு வாரம் வேலைக்கு வந்தான். பிறகு வரவில்லை. போனும் இல்லை. அவன் தங்கை சுபஸ்ரீ ஒருமுறை அழைத்து, "அண்ணன் அங்க இருக்காங்களா?" என்று கேட்டாள். "இந்தக் காலத்துப் பசங்களுக்குக் கமிட்மெண்ட் கிடையாது" என்று ஒரு கூட்டத்தில் வெங்கட்ராகவன் வருந்தினார். அத்தோடு பாலுவின் கதை முடிந்தது.

அவன் நாற்காலி மட்டும் அங்கேயே இருந்தது.

ஜாஹ்னவி முறைப்படி எல்லாம் செய்து பார்த்தாள். மென்பொருளை அழித்துப் புதிதாகப் போட்டாள். கிராபிக்ஸ் டிரைவரை மாற்றினாள். தன் மடிக்கணினியிலும் திறந்தாள். எங்கே திறந்தாலும் அதே கதிதான்.

அப்போது கூட்டிப் பெருக்கும் பொன்னுத்தாய் துடைப்பத்தோடு வந்தாள். குனிந்தவள் நிமிர்ந்து முறைத்தாள்.

"ஏம்மா, செருப்பைக் கழட்டிட்டு வரக்கூடாதா? காலையிலதான் பெருக்குனேன்."

பாலுவின் நாற்காலிக்குக் கீழே மணல். ஆற்று மணல். ஈரமாக இருந்தது.

"நான் அங்க போகவே இல்லக்கா."

"அப்ப நான் கொண்டாந்து கொட்டுனேனா?" என்று முனகிக்கொண்டே பெருக்கி அள்ளிக்கொண்டு போனாள். "நான் வீட்டுக்குக் கெளம்புறேன். பூட்டிட்டுப் போங்க."

கேட் சாத்தும் சத்தம் தூரத்தில் கேட்டது. இனி அந்தக் கட்டடத்தில் அவள் மட்டும்தான். ஜன்னலுக்கு வெளியே உச்சி வெயில் கொளுத்தியது. ஒரு காக்கைகூட இல்லை. அம்மா அனுப்பிய படங்களைப் பார்த்தாள். கூட்டம், கோபுரம், பூ. எல்லோரும் அங்கே இருந்தார்கள்.

கடைசி வழி ஒன்று இருந்தது. மெஷ்ஷைப் பாதியாக வெட்டுவது. வெட்டினாள். ஒரு பாதி ஒழுங்காகத் திறந்தது. மறு பாதி செத்தது. செத்த பாதியை மறுபடி வெட்டினாள். மறுபடியும். வெட்ட வெட்ட ஆறு சுருங்கிக்கொண்டே வந்தது. முக்கொம்புக்குக் கீழே ஒரு திருப்பத்தில், ஒரு சின்ன அறை அளவு இடத்தில் வந்து நின்றது.

அங்கே முக்கோணங்கள் இருந்தன. அவை பிடித்துக்கொண்டிருந்த புள்ளிகள் மட்டும் இல்லை. செத்தவன் பெயரை ரேஷன் கார்டில் அடித்துவிட்டு, அவன் பங்கு அரிசியை மட்டும் தொடர்ந்து வாங்குகிற மாதிரி. இல்லாத புள்ளியைத் தேடிப்போய்த்தான் மென்பொருள் ஒவ்வொரு முறையும் விழுந்தது.

வெங்கட்ராகவனை அழைத்தாள். பின்னால் ஆயிரம் குரல்கள். ரங்கா! ரங்கா!

"சார், முக்கொம்புக்குக் கீழ யாரோ புள்ளிகளை அழிச்சிருக்காங்க."

"யாரோ இல்லை, நான்தான். ரெண்டு மேடு இருந்தது. ஸ்க்ரீன்ல பார்க்கறச்சே அசிங்கமா இருந்தது. செலக்ட் பண்ணி டெலீட் பண்ணினேன். எனக்கும் கொஞ்சம் கம்ப்யூட்டர் தெரியுமோன்னோ?"

"புள்ளியை மட்டும் அழிச்சா முக்கோணம் நிக்காது சார்."

"அதெல்லாம் டெக்னிக்கல் விஷயம். நீ பார்த்துக்கோ. இங்க சேவை ஆயிண்டிருக்கு."

போன் அணைந்தது. கூட்டத்தின் குரலும் சேர்ந்து அணைந்தது.

சொட்...

சொட்...

அந்த அறையில் குழாய் கிடையாது. ஏசியும் ஓடவில்லை.

பாலு அளந்து கொடுத்த மூலக் கோப்பு அவன் கணினியில்தான் இருந்தது. எழுந்து போய் அவன் நாற்காலியில் உட்கார்ந்தாள். உடனே எழுந்தாள்.

நாற்காலி நனைந்திருந்தது.

நின்றபடியே அழிந்த புள்ளிகளைத் தேடி எடுத்தாள். மெஷ்ஷில் திரும்பச் சேர்த்தாள். திறந்தாள். சக்கரம் சுற்றியது... சுற்றியது...

திறந்துவிட்டது.

சுவர் முழுக்கக் காவிரியின் அடி. ஒரு கணம் சந்தோஷப்பட்டாள். கையெழுத்து கிடைத்த மாதிரிதான். திருப்பத்துக்குப் போய்ப் பெரிதாக்கினாள்.

முதல் மேடு நீளமாக இருந்தது.

இன்னும் பெரிதாக்கினாள்.

ஒருக்களித்த தோள். மடக்கிய முழங்கால். கழுத்துக்குக் கீழே, நான்கு மூலையும் கூராக, தட்டையாக ஏதோ ஒன்று. ஒரு சீட்டுக்கட்டு அட்டை அளவு. இவர்களுடைய கருவி இவ்வளவு நுணுக்கமாக அளக்காது. அளக்கவே முடியாது...

அவள் கை தன் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைத் தொட்டது.

பக்கத்தில் இரண்டாவது மேடு. அது படுக்கவில்லை. உட்கார்ந்திருந்தது. முதல் மேட்டைக் குனிந்து பார்ப்பது போல.

அதற்கும் கழுத்துக்குக் கீழே ஒரு தட்டை.

சொட்... சொட்...

மவுஸிலிருந்து கையை எடுத்தாள்.

படம் நிற்கவில்லை.

மெதுவாகத் திரும்பிக்கொண்டே இருந்தது. முதல் மேட்டின் முகம் வருகிற பக்கமாக...

கோப்பைச் சேமித்தாளா, பிளக்கைப் பிடுங்கினாளா, அவளுக்கு நினைவில்லை. ஓடிவந்து பஸ்ஸில் ஏறினாள். மூச்சுவிட இடமில்லாத கூட்டம். அத்தனை பேருக்கு நடுவில் கண்ணை மூடிக்கொண்டு பாலத்தைக் கடந்தாள். செருப்புக்குள் மணல் நறநறத்தது.

கோப்பு சேமிப்பில்தான் இருந்தது. மறுநாள் விழா அமோகம். "அந்த ரெண்டு மேடு என்னங்க?" என்று சீஃப் கெஸ்ட் கேட்டார். வெங்கட்ராகவன் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "காவிரிக்கே உரிய அபூர்வமான வண்டல் படிவு" என்று ஆரம்பித்து, காபி ஆறும்வரை பேசினார். கை தட்டினார்கள். மேடுகளுக்கு ஒரு தட்டு, அவருக்கு ஒரு தட்டு. ஜாஹ்னவி கடைசி வரிசையில் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

தை பாதியில் மேட்டூர் அணையை மூடினார்கள். தண்ணீர் வடிந்தது. முக்கொம்புக்குக் கீழே, அந்தத் திருப்பத்தில், மாடு ஓட்டிப்போனவர்கள் பார்த்துப் போலீசுக்குச் சொன்னார்கள். ஒருக்களித்து, முழங்காலை மடக்கி... ஆளை அடையாளம் காட்டியது கழுத்து அட்டைதான். பிளாஸ்டிக் உறைக்குள் மையத்தின் பெயர் ஓர் எழுத்துகூட அழியாமல் இருந்தது.

பாலு.

ஜாஹ்னவி போய்ப் பார்த்தாள். சுபஸ்ரீயின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில், இரண்டாவது மேடு இருக்க வேண்டிய இடத்தில், மணல் சமமாக இருந்தது.

மறுநாள் தீசிஸை எடுத்துக்கொண்டு வெங்கட்ராகவனிடம் போனாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பாவம் பையன். 'சார், ஸ்கேன்ல ரெண்டு மேடு தெரியறது, நிஜமா தப்பா'ன்னு கேட்டான். போய்ப் பார்த்துட்டு வாடான்னேன். இவ்வளவு சின்சியரா இருப்பான்னு நான் எதிர்பார்க்கலை."

"சார்..." தீசிஸை மேசையில் வைத்தாள். "அவன் போறதுக்கு முன்னாடியே மேடு ஸ்கேன்ல இருந்துதா?"

"இதென்ன கேள்வி? அவனே எடுத்த ஸ்கேன். அதைப் பார்த்துட்டுதானே போனான்."

தீபாவளிக்கு முன்பு எடுத்தது. தீபாவளிக்குப் பிறகும் ஒரு வாரம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான்.

வெங்கட்ராகவன் பேனாவைத் திறந்தார். கையெழுத்துப் பக்கத்தைப் புரட்டினார். ஏதோ தோன்றி நிமிர்ந்தார்.

"ஜாஹ்னவி, இன்னொரு மேடும் இருந்துதே... அதை விட்டுட்டா தீசிஸ் முழுமையாகாது. மேட்டூர் திறந்ததும் ஒரு நடை போய்ப் பார்த்துட்டு வந்துடலாம். வந்ததும் போடறேன். வெளியாள் யாரும் வேண்டாம். படகுல நாம ரெண்டு பேர் போதும்."

பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். அவர் கழுத்தில் அட்டை ஆடியது.

இவள் கழுத்திலும்.

படகில் இரண்டு பேர்.

மேடு ஒன்று.