லக்கிலி என்று தொடங்கிய தாள்

அவர் ஒரே ஓர் ஆங்கிலச் சொல்லைச் சொல்லித்தான் மேற்பார்வையாளர் ஆனார் என்று எங்கள் சலவை ஆலையில் ஒரு பேச்சு உண்டு. எனக்குச் சொன்னது வேன் ஓட்டுநர். ஓட்டுநருக்குச் சொன்னது தையல் பிரிவில் இருக்கும் அவருடைய சித்தப்பா மகள். அவளும் நேரில் பார்த்தவள் அல்ல. நேர்காணலில், போன வேலையை ஏன் விட்டீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். இவர் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துவிட்டு "அன்ஃபார்ச்சுனேட்லி" என்றாராம். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லையாம், அவர்களும் கேட்கவில்லையாம்.

நான் இதை நம்புகிறேன். அவர் எழுதும் அறிக்கைகளை வாங்கி அடுக்கி வைப்பதுதான் ஐந்து வருடமாக என் வேலை.

மருத்துவமனைகளின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் தேய்த்து மடித்து அனுப்பும் ஆலை அது. கீழ்த்தளத்தில் நீராவி, மேல்தளத்தில் நாங்கள். கீழே எது நடந்தாலும் அரைப் பக்கம் ஆங்கிலத்தில் எழுதி மேலே அனுப்ப வேண்டும். அவர் ஆங்கிலம் கற்றது வேலை முடிந்து போன ஒரு வகுப்பில். நடந்து முடிந்ததை மொட்டையாகத் தொடங்கக் கூடாது, முன்னால் ஒரு சொல்லை வைக்க வேண்டும் என்று அங்கே சொன்னார்களாம். மற்றதையெல்லாம் மறந்துவிட்டு இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"திருப்பத்துல ஹாரன் அடிக்கிற மாதிரி சார்" என்று எனக்கு விளக்கினார். "என்ன வருதுன்னு படிக்கிறவனுக்கு முன்னாடியே தெரிஞ்சிடணும். இல்லன்னா பயந்துடுவான்."

இயந்திரம் நின்றுபோனால் சடன்லி. யாருக்காவது அடிபட்டால் அன்ஃபார்ச்சுனேட்லி. அடிபட வேண்டியவர் தப்பித்தால் லக்கிலி. பழுதுபார்க்கிறவர் ஒருவழியாக வந்து சேர்ந்தால் ஃபைனலி. கீழ்த்தளத்தில் அவருக்குப் பெயரே சடன்லி என்று ஆகிவிட்டது. கூப்பிட்டால் திரும்பியும் பார்ப்பார்.

அவருடைய மைத்துனியும் தேய்ப்புப் பிரிவில்தான் இருந்தாள். மதியச் சாப்பாட்டின்போது அவரைச் சீண்டுவது அவளுக்கு ஒரு வேலை.

"எங்க அக்காவைப் பொண்ணு பார்க்க வந்தப்போ எந்த வார்த்தை போட்டீங்க அத்தான்?"

"ஈவென்ச்சுவலி."

"அக்கா எதைப் போட்டா தெரியுமா?"

"தெரியும். நீ சாப்பிடு."

மேல்தளத்தில் எங்களுக்கும் அந்தப் பழக்கம் வசதியாகிவிட்டது. முதல் சொல்லைப் பார்த்தே தாள்களைப் பிரித்தோம். சடன்லி என்றால் பழுதுபார்ப்புக்கு. அன்ஃபார்ச்சுனேட்லி என்றால் மேலாளர் மேசைக்கு. லக்கிலி என்றால் என் கீழ் இழுப்பறைக்கு. யாரும் இப்படி உத்தரவு போடவில்லை. ஆரம்பித்தவன் நான்தான். பிறந்த நாட்டை விட்டு வந்து வேலை பார்க்கிறவன், மேசையைச் சுத்தமாக வைத்திருந்தால் அவனை யாரும் கவனிக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

விரிப்பைத் தேய்க்கும் உருளைக்கு முன்னால் ஒரு கம்பி உண்டு. கை பட்டால் உருளை நின்றுவிடும். ஒரு செவ்வாய்க்கிழமை நிற்கவில்லை. ஒரு பெண்ணின் சட்டைக் கையை உருளை உள்ளே இழுத்தது. பக்கத்தில் நின்றவர் கத்தரிக்கோலால் துணியை வெட்டிவிட்டார். சடன்லி அன்றே எழுதிக் கொடுத்தார். கம்பி வேலை செய்யவில்லை என்பது நான்காவது வரியில் இருந்தது. முதல் சொல், லக்கிலி.

பத்தொன்பது நாள் கழித்து அதே உருளையில் அவருடைய மைத்துனியின் வலது கை மாட்டியது. மூன்று விரல்கள் நசுங்கின.

மறுநாள் மேலாளர் என்னையும் சடன்லியையும் தனித்தனியாகத் தொலைபேசியில் அழைத்தார். மூன்று மணிக்குள் அறிக்கை வேண்டும், அன்ஃபார்ச்சுனேட்லி வேண்டாம், சடன்லி என்றே தொடங்கட்டும் என்றார். எனக்குப் புரிந்தது. திடீரென்று நடந்ததென்றால், கம்பி கெட்டது முன்பே யாருக்கும் தெரியாது. யாருக்கும் தெரியாதென்றால், அவள் ஏன் அங்கே கையை வைத்தாள் என்பதுதான் மிச்சம். படிவத்தில் அதற்கென்றே ஒரு கட்டம் இருக்கிறது: தொழிலாளியின் கவனக்குறைவு. அதில் குறி விழுந்தால் அவளுக்கு வேலை போய்விடும்.

இரண்டரைக்குச் சடன்லி மேலே வந்து என் எதிரே உட்கார்ந்தார்.

"எப்படி இருக்காங்க?"

"கட்டு போட்டிருக்கு. இடது கையால சாப்பிடுறா. அவ அக்கா ஊட்டிவிடப் போனா திட்டுறா." நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு கேட்டார். "சார், அந்தப் பழைய தாள் இருக்கா?"

காலையிலேயே அதை எடுத்து என் பையில் வைத்திருந்தேன். காட்டுவதா கிழிப்பதா என்று முடிவு செய்திருக்கவில்லை. எடுத்து நீட்டினேன்.

"இதை யாரு படிச்சா?"

"நான்தான்."

"முழுசாவா?"

"முதல் வார்த்தை மட்டும்."

தலையாட்டினார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நானும் அதுக்குத்தானே எழுதினேன்" என்றார். "ஹாரனை மாத்தி அடிச்சுட்டேன்."

வெற்றுத் தாளை இழுத்து வைத்துக்கொண்டார். பேனா முதல் வரியின் தொடக்கத்துக்கு மேலே வெகுநேரம் நின்றது. வழக்கமான சொற்களை ஒவ்வொன்றாக வாய்க்குள் சொல்லிப் பார்ப்பது தெரிந்தது. பிறகு, இருபது நாட்களுக்கு முன்பு என்று தொடங்கினார். எந்த உருளை, எத்தனை மணி, துணியை வெட்டியவர் யார், தாளை யாரிடம் கொடுத்தார் என்று வரிசையாக எழுதினார். யாரும் வந்து சரிசெய்யவில்லை என்று எழுதினார். அதற்குக் கீழே, இயந்திரத்தை நானும் நிறுத்தி வைக்கவில்லை என்று எழுதினார்.

"அந்தக் கடைசி வரி வேணுமா?" என்றேன்.

"அது இல்லன்னா மத்ததை யாரு நம்புவா சார்?"

பழைய தாளைப் புதியதோடு சேர்த்துப் பின் குத்தினார். பழைய தாளின் அடியில், பெற்றுக்கொண்டவர் கையெழுத்து என்ற இடம் காலியாக இருந்தது. லக்கிலித் தாள்களில் நான் கையெழுத்துப் போடுவதில்லை.

"அன்னிக்கு வாங்கினேன்னு எழுதி, இன்னிக்குத் தேதி போட்டுக் கையெழுத்து போடுங்க" என்றார்.

இந்த வேலை போனால் இந்த நாட்டில் நான் இருக்க முடியாது. அது அவருக்கும் தெரியும். என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார்.

"பேனா எழுதுதா சார்?"

"எழுதுது."

கையெழுத்துப் போட்டு முடித்ததும் தொலைபேசி அடித்தது. மேலாளரின் எண். மூன்று ஆக நான்கு நிமிடம் இருந்தது. நான் கையை நீட்டினேன். தொலைபேசியின் சுருட்டைக் கம்பி கையெழுத்தின் மேல் உரசாமல் இருக்க, அவர் தாளைத் தன் பக்கம் நகர்த்தினார்.

"மை காயட்டும் சார்" என்றார்.

தொலைபேசி ஐந்தாவது முறையாக அடித்தது.