மியூட்டில் வாங்கிய மூச்சு

கொரோனா போனபின்னும் எனக்கு மூச்சு முழுசாகத் திரும்பவில்லை. தினமும் பேசிக்கொண்டே நடக்க வேண்டுமாம். திணறினால் நின்று, உதட்டைக் குவித்து ஊத வேண்டுமாம். மூச்சுப் பயிற்சி தந்தவர் சுலபமாகச் சொல்லிவிட்டார். கடல் கடந்து வந்து, இர்விங் நகரத்து அபார்ட்மென்ட்டில் தனியாகக் கிடப்பவன் யாரோடு பேசுவது, சுவரோடா?

சென்னையிலிருந்த அம்மாவைத் தினமும் போனில் அழைத்து, பேசிக்கொண்டே கீழே பார்க்கிங் லாட்டில் நடந்தேன். நோய் வந்ததையே அவளிடம் சொல்லியிருக்கவில்லை. அதனால் திணறும்போதெல்லாம், ஆபீஸ் மீட்டிங்கில் இருமலுக்குச் செய்வதுபோல, மியூட் போட்டுவிட்டு ஊதினேன்.

"என்னடா, விட்டு விட்டுக் கேக்குது?"

"இங்க சிக்னல் சரியில்லம்மா."

பல வாரங்கள் கழித்து ஒருநாள், பேசிக்கொண்டே பார்க்கிங் லாட்டை முழுதாகச் சுற்றிவிட்டேன். மியூட் தேவைப்படவில்லை.

"இன்னிக்கு சிக்னல் நல்லா இருக்குடா" என்றாள்.

நான் தேறிவிட்டதை என்னிடம் சொன்ன ஒரே ஆள் அவள்தான். அவளுக்கே அது தெரியாது.