பாலாற்றை முந்திய தந்தி

சர்க்கரைக்கு நல்லதென்று மருமகள் ஆவாரம்பூவைக் கொதிக்கவைத்துக் கொண்டுவந்தாள். தம்ளரை மூக்கருகே கொண்டுபோனதும் ஆம்பூர் வந்துவிட்டது. பூவின் வாசனை வேறு, பட்டையின் வாசனை வேறு என்பீர்கள். என் கிழட்டு மூக்குக்கு அதெல்லாம் தெரியாது. ஆவாரம்பட்டைத் தொட்டிகளில் தோல் ஊறி நாறும் அந்த ஊரில்தான் எனக்கு முதல் உத்தியோகம். வெள்ளைக்காரன் காலம். தாசில்தார் கச்சேரியில் கடைசிக் குமாஸ்தா என்பதால் முற்றத்து மழைமானியும் என் தலையில் விழுந்தது. தினமும் காலையில் அதிலிருக்கும் தண்ணீரை அளந்து எழுத வேண்டும். பெரும்பாலும் பல்லிதான் இருக்கும்.

ஓர் ஐப்பசியில் ராத்திரியெல்லாம் கொட்டியது. விடிந்து பார்த்தால் உள்பாத்திரம் நிரம்பி வெளிப்பாத்திரத்திலும் தண்ணீர். அளந்து அளந்து கை ஓய்ந்துபோயிற்று.

ஹெட் குமாஸ்தா கணக்கைப் பார்த்துப் பதறினார். "இன்னாய்யா இது? நம்மூர்ல எப்ப இவ்ளோ பேஞ்சுது? பாதியா போடு. மேல இருந்து கேள்வி வந்தா பேஜாரு."

"பேஞ்சத எப்படி சார் கம்மி பண்றது? வாலாஜாபேட்டைக்குத் தந்தி குடுக்கணும்."

"தாசில்தார் கேம்ப்லருந்து வரட்டும்."

தாசில்தாருக்காக ஆறு காத்திருக்குமா? ஆம்பூரைத் தாண்டிய பாலாறு வாலாஜாபேட்டைப் பக்கம்தான் போகிறது. அங்கே கரையோரம் முழுக்கக் குடிசைகள். அந்தக் காற்றிலும் குடையை விரித்துக்கொண்டு (புத்திசாலி!) தந்தி ஆபீசுக்கு நடந்தேன்.

தந்தி அடிக்கும் யூசுப் என் சிநேகிதன். தாளைப் படித்துவிட்டு, "தோஸ்த், தாசில்தார் கையெழுத்து எங்க?" என்றான்.

"என் கையெழுத்து இருக்குதில்ல?"

"வேல போய்டும்டா."

"போவட்டும். அடி."

அடித்தான். வாலாஜாபேட்டையில் தண்டோரா போட்டு ஜனங்களை மேட்டுக்கு ஏற்றினார்கள். சாயங்காலம் வந்த வெள்ளம் குடிசைகளை வாரிக்கொண்டு போயிற்று. ஆட்கள் எல்லோரும் பிழைத்தார்கள்.

எனக்கு யாரும் மாலை போடவில்லை. உத்தரவில்லாமல் தந்தி கொடுத்தது ஏன் என்று விளக்கம் கேட்டார்கள். "மன்னிச்சிக்கோங்கன்னு ஒரு வரி எழுதிடு, நான் பாத்துக்கறேன்" என்றார் ஹெட் குமாஸ்தா. கெட்ட மனுஷர் இல்லை, பயந்தவர். எழுத மாட்டேன் என்றேன். அரக்கோணத்துக்குத் தூக்கியடித்தார்கள்.

வீட்டில் எப்படிச் சொல்வதென்று வாசலிலேயே நின்றேன். என் முகத்தைப் பார்த்ததும் மனைவி, "எந்த ஊரு?" என்றாள். சொன்னேன்.

"போவலாம். மன்னிப்பு எழுதிக் குடுத்துட்டு வந்திருந்தீங்கன்னா சோறு போட்டிருக்க மாட்டேன்."

இன்று அந்தக் கச்சேரி இல்லை. யூசுப் இல்லை. அவளும் போய்விட்டாள். பாலாற்றில் வெறும் மணல். கேள்வி கேட்ட துரைமார்களும் கப்பலேறிவிட்டார்கள். அந்த ஒரு வரியை மட்டும் நான் இன்னும் எழுதவில்லை.