குளியலறைத் தரையில் கேட்ட குரல்

கணவர் போன பிறகு விஜயநகர் வீட்டில் நான் தனியாகத்தான் இருந்தேன். மகனும் மருமகளும் ஊரின் மறுகோடியில் இருக்கும் ஹெப்பாளில், அவன் ஆபீஸுக்குப் பக்கத்திலேயே ஃபிளாட் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவன், என் கையைப் பிடித்து ஸ்மார்ட்வாட்ச் ஒன்றைக் கட்டிவிட்டான். நான் விழுந்தால் அது தானாகவே தெரிந்துகொள்ளுமாம். ஒன்றுமில்லை என்று நான் அழுத்தாவிட்டால் அவனைக் கூப்பிடும். கீழ் வீட்டில் குடியிருக்கும் கன்னட டீச்சருக்கும் ஒரு மெசேஜ் போகும்.

"இனிமே எனக்குக் கவலையில்லம்மா" என்றான். உண்மைதான். அதுவரை தினமும் வந்துகொண்டிருந்த அவனுடைய போன் வாரத்துக்கு ஒன்றாகிவிட்டது.

வாட்ச் சில சமயம் தப்பாகவும் கூப்பிட்டது. துணியைக் கல்லில் ஓங்கி அடித்த அன்று அவன் மீட்டிங்கில் இருந்தானாம். "மெஷின் எதுக்கு வாங்கி வச்சிருக்கு?" என்று கத்தினான். தேங்காய் உடைத்த அன்றும் அதே திட்டு. அதன் பிறகு அதைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் தேங்காயில் கை வைத்தேன்.

ஒரு காலையில் குளித்து முடித்து வெளியே வரக் கால் எடுத்து வைத்தேன். கண் இருட்டிக்கொண்டு வந்தது. நினைவு திரும்பியபோது என் கன்னம் ஈரத் தரையில் கிடந்தது. ஒரு கை உடம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தது. காலை அசைக்கப் பார்த்தேன்; வந்த வலியில் குரலே எழும்பவில்லை. முகத்துக்கு நேரே நீண்டு கிடந்த மறு கையில் வாட்ச் அதிர்ந்துகொண்டிருந்தது. என்னால் எதையும் அழுத்த முடியவில்லை. அது மகனைக் கூப்பிட்டது.

எடுத்துவிட்டான்.

"அம்மா? மறுபடியும் தேங்கா ஒடைக்கிறியா?"

வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

பின்னால் மருமகளின் குரல் கேட்டது. "என்னவாம்?"

"ஒண்ணுமில்ல, அந்த வாட்ச்தான். உயிர வாங்குது."

"நெஜமாவே விழுந்திருந்தா?"

"விழுந்தா விழட்டும் போ. ஒரேடியாப் போய்ச் சேந்தா அவங்களுக்கும் நிம்மதி, நமக்கும் நிம்மதி."

சிரித்துக்கொண்டே சொன்னான். கோபத்தில் சொல்லியிருந்தால் மன்னித்திருப்பேன். பிறகு வைத்துவிட்டான்.

பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த டீச்சர் மெசேஜைப் பார்த்துவிட்டு, தன்னிடம் இருந்த மாற்றுச் சாவியோடு மாடியேறி ஓடி வந்தாள். "ஆன்ட்டி, ஏனாய்த்து? என்ன ஆச்சு?" என்று அலறினாள். தன் துப்பட்டாவை என் மேல் போர்த்திவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள்.

இடுப்பெலும்பு உடைந்திருந்தது. ஆபரேஷன் நடந்தது. வாட்ச் பதிந்து வைத்திருந்த இதயத் துடிப்பை டாக்டர் பார்த்தார். துடிப்பு தாறுமாறாக ஓடியிருக்கிறது, கண் இருட்டியது அதனால்தான் இருக்கும் என்றார். வேறு பரிசோதனைகள் செய்து, அவர் சொன்னதுதான் சரி என்று தெரிந்ததும் இதயத்துக்கும் மருந்து ஆரம்பித்தார். இது தெரியாமல் போயிருந்தால் எலும்பை மட்டும் ஒட்டி அனுப்பியிருப்போம் என்றார்.

மகன் வந்தான். என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். பார்க்க வந்த சொந்தக்காரர்களிடமெல்லாம், "நான்தான் பிடிவாதமா வாட்ச் கட்டிவிட்டேன். போன் வந்துச்சு, சிக்னல் கெடைக்கல, கட்டாயிடுச்சு" என்று சொன்னான். "பிள்ளைன்னா இப்படி இருக்கணும்" என்று அவர்கள் அவன் தோளைத் தட்டிக் கொடுத்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

வீட்டுக்கு அனுப்புவதற்கு முந்தைய நாள் அறையில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். ஆரஞ்சை உரித்துக்கொண்டே கேட்டான்.

"ஏன்மா எங்கூட பேசவே மாட்டேங்கற?"

"அன்னிக்கு நீ போன் எடுத்தப்ப எனக்கு நெனவு இருந்துச்சு."

அவன் கை நின்றது.

"நீங்க ரெண்டு பேரும் பேசினது பூரா கேட்டுச்சு."

"அம்மா... அது சும்மா சொன்னதும்மா."

"தெரியும். சும்மாதான் சொன்ன. அதனாலதான் மறக்க முடியல."

மறுபடியும் அழுதான். நான் கை நீட்டித் தொடவில்லை. அவன் அழுவதைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் இதமாகக்கூட இருந்தது.

இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடக்கிறேன். டாக்டர் சொன்னதால் வாட்சைக் கழற்றுவதில்லை. அதிலிருந்து மகன் நம்பரை எடுத்துவிடும்படி டீச்சரிடம் சொன்னேன். "மக அல்வா ஆன்ட்டி, இரலி பிடி" என்று தயங்கினாள். மகன்தானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்கிறாள். எடு என்றேன். எடுத்துவிட்டு, தன் நம்பரை முதலில் போட்டுக்கொண்டாள்.

மகன் இப்போது காலையும் மாலையும் போன் செய்கிறான். எப்படி இருக்கே என்று கேட்கிறான். "இருக்கேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறேன்.